500 அடிக்கும் 700 அடிக்கும் நடுவில்: ஒரு விபத்து அறிக்கையைப் படித்தபோது

மலைப்பகுதியில், மோசமான வானிலையில் ஒரு சின்ன விமானம் மோதி நொறுங்குகிறது. விபத்து அமெரிக்காவில் நடந்திருந்தால், விசாரணை அறிக்கையில் "காரணம்" என்ற தலைப்புக்குக் கீழே என்ன இருக்கும் என்பதை அறிக்கையைத் திறக்காமலே ஓரளவு சொல்லிவிடலாம். கண்ணால் பார்த்து ஓட்ட வேண்டிய விமானத்தை, கண்ணுக்கு எதுவும் தெரியாத வானிலைக்குள் தொடர்ந்து ஓட்டிச் செல்ல விமானி எடுத்த முடிவு. வார்த்தைகள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். சாரம் இதுதான்.

இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. வாக்கியம் பொய் இல்லை. ஆனால் உண்மையாக இருக்கும் ஒரு வாக்கியம் விளக்கமாகவும் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. மோசமாக எழுதப்பட்ட அறிக்கையை எடுத்துக் குறை சொல்வது சுலபம். அதனால் நான் படித்தவற்றில் மிகச் சிறந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்: அலாஸ்காவில் 2015ல் நடந்த ப்ராமெக் ஏர் விபத்தைப் பற்றி என்டிஎஸ்பி, அதாவது அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 2017ல் வெளியிட்ட அறிக்கை.

முதலில் நடந்தது என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

கெட்சிக்கன், அலாஸ்காவின் தென்கிழக்கு முனையில் இருக்கும் சின்ன ஊர். வெளியூருக்குச் சாலை கிடையாது. மழைக்குப் பேர்போன இடம். கோடையில் பெரிய பெரிய சொகுசுக் கப்பல்கள் வந்து சில மணி நேரம் நிற்கும். அந்தச் சில மணி நேரத்தில் பயணிகள் பார்க்க விரும்பும் இடம் மிஸ்டி ஃபியார்ட்ஸ்: செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கும் பகுதி. படகில் போகலாம், இல்லையென்றால் மிதவை பொருத்திய நீர்விமானத்தில் போகலாம். படகில் போய்வர நேரம் அதிகம் பிடிக்கும் என்பதால் விமானத்துக்கு எப்போதும் கிராக்கி.

2015 ஜூன் 25 அன்று வெஸ்டர்டாம் என்ற கப்பலிலிருந்து 8 பயணிகள் ப்ராமெக் நிறுவனத்தின் டிஹெச்சி-3 ஆட்டர் விமானத்தில் ஏறினார்கள். ருட்யர்ட் விரிகுடாவில் இறங்கிப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டும். திரும்புவதற்கு இரண்டு வழி. கடல் கால்வாய்களின் மேலேயே வளைந்து வளைந்து வருவது ஒன்று. மலைகளையும் ஏரிகளையும் தாண்டிக் குறுக்கே வெட்டி வருவது இன்னொன்று. வித்தியாசம் சில நிமிடங்கள்தான். விமானி குறுக்கு வழியில் வந்தார். மேகம் தாழ்ந்து கிடந்தது. கெட்சிக்கனுக்குக் கிழக்கு-வடகிழக்கே சுமார் 24 மைல் தூரத்தில், மரம் அடர்ந்த மலைச்சரிவில் விமானம் மோதியது. விமானியோடு சேர்த்து 9 பேரும் இறந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, விமானம் பழுதாகவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கட்டுப்பாடும் விமானியின் கையில்தான் இருந்தது. இந்த வகை விபத்துக்கு ஆங்கிலத்தில் சிஃபிட் என்று ஒரு சுருக்கப்பெயர் உண்டு. கட்டுப்பாட்டில் இருக்கும் விமானம் தரையில் மோதுவது என்று பொருள்.

இந்த இடத்தில் பலரும் போடும் ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். மேகத்துக்குள் மாட்டிய சின்ன விமானம் என்றதும் இணையத்தில் "178 நொடிகள்" என்ற எண்ணைக் கொண்டுவந்து போடுவார்கள். 1954ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு அது. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாத நிலையில் ஓட்ட வைத்தார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக அதற்கு ஆன நேரம் 178 நொடி. எண் சரிதான். ஆனால் அந்த ஆய்வின் நோக்கம் எத்தனை நொடியில் ஒருவர் சாவார் என்று பார்ப்பது இல்லை. மேகத்துக்குள் போனவர் 180 பாகை திரும்பி வந்த வழியே வெளியேற எளிய முறையில் கற்றுத்தர முடியுமா என்று பார்ப்பதுதான். முடிந்தது. பயிற்சிக்குப் பிறகு அதே ஆட்கள் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் சமாளித்துவிட்டார்கள். ஆய்வின் இந்தப் பாதியை யாரும் பகிர்வதில்லை. பயமுறுத்தும் பாதி மட்டும் எழுபது வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அதோடு, 178 நொடிக் கதை ப்ராமெக் விபத்துக்குப் பொருந்தவும் பொருந்தாது. அங்கே தொலைந்தது எது மேல், எது கீழ் என்ற உணர்வு இல்லை. தான் எங்கே இருக்கிறோம் என்ற தெளிவு. அறிக்கை இதைத் திசைக்குழப்பத்தின் இன்னொரு வகையாக, இடக்குழப்பமாகப் பிரித்துச் சொல்கிறது. மருந்து வேறுபடுவதால் இந்தப் பிரிவினை முக்கியம். முதல் வகைக்குத் தேவை ஓட்டும் திறன். இரண்டாவதற்குத் தேவை, எதிரே மலை இருக்கிறது என்று யாராவது அல்லது எதுவாவது சொல்வது.

அப்படிச் சொல்வதற்கென்றே அந்த விமானத்தில் ஒரு கருவி இருந்தது. அது வாய்மூடி இருந்தது.

தரை எச்சரிக்கைக் கருவி. சுருக்கமாக டாஸ் என்பார்கள். விமானம் இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் சொல்கிறது, நிலத்தின் மேடுபள்ளம் கருவியின் தரவுத்தளத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, போகிற போக்கில் போனால் மோதிவிடுவாய் என்று குரல் கொடுக்கும். பயணிகளுக்கு 6 இருக்கைகளோ அதற்கு மேலோ உள்ள டர்பைன் விமானங்களில் இது இருந்தாக வேண்டும் என்று அமெரிக்க விமானத் துறை, அதாவது எஃப்ஏஏ, 2000ல் விதி போட்டது. ப்ராமெக் விமானத்தில் கருவி இருந்தது. அதன் எச்சரிக்கைகளை நிறுத்தி வைக்க ஒரு சுவிட்சும் இருந்தது. எச்சரிக்கைகள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன.

எதற்காக நிறுத்த வேண்டும்? கணக்கு எளிமையானது. பகலில் கண்ணால் பார்த்து ஓட்டும் இவ்வகை வணிக விமானம் தரையிலிருந்து 500 அடி உயரம் வரை தாழ்ந்து பறக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் இந்த வகைக் கருவி, வழிப்பயணத்தில் தரைக்கும் விமானத்துக்கும் 700 அடி இடைவெளி இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. அதற்குக் கீழே போனால் கத்தும். அதாவது, சட்டப்படி முழுக்கச் சரியாக ஓட்டிக்கொண்டிருக்கும் விமானியைப் பார்த்து, ஆபத்து ஆபத்து என்று கருவி நாள் முழுக்கக் கத்த முடியும். மேகம் தாழ்ந்திருக்கும் ஊரில், பாறைச் சுவர்களைக் காட்டுவதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனத்தில், தினம் நாலைந்து தடவை பறக்கும் ஒருவர் அந்தக் குரலை என்ன செய்வார்? அணைத்துவிடுவார். நீங்களாக இருந்தாலும் அணைப்பீர்கள்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது புதிதே இல்லை. இரவுப் பணியில் இருப்பவரின் ஃபோனுக்கு ஒன்றுமில்லாத விஷயத்துக்கெல்லாம் அலாரம் வந்துகொண்டே இருந்தால், மூன்றாவது வாரம் அந்த அலாரத்தை மியூட் பண்ணிவிடுவார்கள். நான்காவது வாரம் உண்மையாகவே சர்வர் விழும். அப்போது மியூட் பண்ணியவரைத் திட்டிவிட்டுப் போகும் குழுவில் அடுத்த வருடமும் அதேதான் நடக்கும். அலாரம் அடிக்க வேண்டிய வரம்பை யார் வைத்தது, எந்தச் சூழலை மனதில் வைத்து வைத்தது என்று கேட்கும் குழுதான் தப்பிக்கும்.

அந்தக் கேள்வியை இங்கேயும் கேட்டுப் பார்ப்போம். இந்தக் கருவியின் வம்சாவளி பெரிய விமானங்களிலிருந்து வருகிறது. கனடாவில் பிறந்த பொறியாளர் டான் பேட்மேன் 1960களின் கடைசியில் இதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். 1971ல் அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 727 ஒன்று இதே தென்கிழக்கு அலாஸ்காவில், ஜூனோவுக்கு அருகே மலையில் மோதி 111 பேர் இறந்தார்கள். அந்தச் சிதைவுகளை அவர் வானிலிருந்து நேரில் பார்த்தவர். கருவியை மேம்படுத்தும் வேலையில் தொடர்ந்து இருந்தார். சோவியத் யூனியன் உடைந்த பிறகு அங்கிருந்து கிடைத்த நிலப்பரப்புத் தரவுகளையும் சேர்த்து, 1990களில் முன்கூட்டியே எச்சரிக்கும் வடிவத்தைக் கொண்டுவந்தார். பெரிய விமானங்களில் சிஃபிட் விபத்து அபூர்வமாகிப் போனதற்கு அவர் கருவி முக்கியக் காரணம். எத்தனை உயிர் என்று எண்ண முடியாத சாதனை அது.

ஆனால் பெரிய விமானத்துக்குத் தரை என்பது இரண்டே இடத்தில்தான்: கிளம்பும் ஊர், சேரும் ஊர். நடுவில் தரை அருகே வந்தால் அது நிச்சயம் தவறு. இந்த அனுமானத்தில்தான் கருவி நிற்கிறது. கெட்சிக்கன் சுற்றுலா விமானத்துக்கோ தரைக்கு அருகே இருப்பதுதான் இயல்பு. தரைக்குப் பக்கத்தில் இருக்கிறாய் என்று சொல்வதால் அவருக்கு ஒரு புதிய தகவலும் இல்லை. அவருக்குத் தேவை, பார்த்துக்கொண்டிருந்த தரை இப்போது தெரியவில்லை, ஆனாலும் அங்கேயே இருக்கிறது என்று சொல்லும் கருவி. 700 என்ற எண்ணால் அந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியாது.

சரி, அறிக்கைக்கு வருவோம். இதெல்லாம் என் கண்டுபிடிப்பு இல்லை. இந்த வரம்புப் பிரச்சினையை அறிக்கையே விரிவாகச் சொல்கிறது. தாழ்ந்து பறக்கும் ஒற்றை எஞ்சின் விமானங்களுக்குத் தேவையற்ற அலாரங்களைக் குறைத்து, அதே சமயம் பாதுகாப்பும் கிடைக்க வழி காணுங்கள் என்று பரிந்துரையும் செய்கிறது. அதோடு நிற்கவில்லை. அந்த விமானி தென்கிழக்கு அலாஸ்காவில் சுற்றுலா விமானம் ஓட்டத் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எந்த வானிலையில் போகலாம், எதில் போகக் கூடாது என்று தனக்கான அளவுகோலை இன்னும் அவர் சரிசெய்துகொள்ளவில்லை. முன்னால் போகும் அனுபவசாலிகளைப் பார்த்து அவர்களைப் போலவே செய்ய முயன்றார். கப்பல் கிளம்பும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வரம்புக்குக் கீழான வானிலையில் பறப்பதை நிறுவனம் வாய்விட்டுச் சொல்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தது. ஊரில் விமான நிறுவனங்களுக்கு இடையே போட்டி. ஒழுங்கான பாதுகாப்புத் திட்டம் கிடையாது. ஒவ்வொன்றையும் ஆதாரத்தோடு அடுக்குகிறார்கள்.

பரிந்துரைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, கப்பல் நிறுவனங்களின் சங்கத்துக்குச் சொன்னது. விமானம் தாமதமானால் பயணிகள் கப்பலோடு சேர்ந்துகொள்ள மாற்று ஏற்பாடு உண்டு என்பதை முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள் என்கிறார்கள். எவ்வளவு சாதாரண யோசனை! கப்பல் போய்விட்டாலும் பரவாயில்லை என்று தெரிந்தால், விமானியின் தலையிலிருந்து ஒரு கடிகாரம் இறங்குகிறது. ஒரு விபத்தைப் புரிந்துகொண்டவர்களால்தான் இப்படி எழுத முடியும்.

இவ்வளவும் எழுதிவிட்டு, கடைசியில் "காரணம்" என்ற பகுதிக்கு வரும்போது என்ன நடக்கிறது? முதல் எண்: தெரியாத வானிலைக்குள் தொடர்ந்து பறக்க விமானி எடுத்த முடிவு. இரண்டாவது எண்: நிறுவனத்தின் கலாசாரம், போட்டி அழுத்தம், பாதுகாப்புத் திட்டமின்மை, ஒவ்வொரு பயணத்துக்கும் அனுமதி தருவதில் இருந்த ஓட்டை. நிறுவனத்தையும் காரணத்திலேயே சேர்த்தது பெரிய விஷயம், பல அறிக்கைகளில் அதுகூட இருக்காது. ஆனால் வரிசையைப் பாருங்கள். எச்சரிக்கைக் கருவியைத் தேடுங்கள். அது காரணத்தில் இல்லவே இல்லை. பரிந்துரைப் பட்டியலில் ஒன்றாகப் போய்விட்டது. செய்தித்தாள் எடுத்துப்போடுவது முதல் எண்ணைத்தான். ஊர் ஞாபகம் வைத்துக்கொள்வதும் அதைத்தான்.

எனக்கு உறுத்துவது "முடிவு" என்ற சொல். முடிவு என்றால் ஒரு கணம் இருக்க வேண்டும். இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இரண்டு வழி எதிரே தெரிய வேண்டும். மலை வானிலை அப்படிச் சுவர் மாதிரி எதிரே வந்து நிற்காது. இந்த முகடு மங்கலாகத் தெரிகிறது, அடுத்தது இன்னும் கொஞ்சம் மங்கல், அதற்கடுத்தது இருக்கிறது என்று நினைத்துக்கொள்வதுதான். எந்த இடத்தில் பார்வை முடிந்து நம்பிக்கை தொடங்கியது என்று ஓட்டுபவருக்கே தெரியாது. அறிக்கை சேர்த்த ஆதாரங்கள் எல்லாம் முடிவு பல வாரங்களாக, பலர் கையால், கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கப்பட்டது என்று காட்டுகின்றன. காரணத்தை எழுதும்போது மட்டும் அது ஒரு மனிதர் ஒரு கணத்தில் எடுத்ததாகச் சுருங்கிவிடுகிறது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. அமைப்பு, கலாசாரம் என்று பேசிப் பேசி யாருக்குமே பொறுப்பு இல்லாமல் செய்துவிடலாமா? பின்னால் 8 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். திரும்பிப் போகும் அதிகாரம் விமானியிடம் மட்டும்தான் இருந்தது. உண்மை. விமானிக்குப் பொறுப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொறுப்பை நிர்ணயிப்பது என்டிஎஸ்பியின் வேலையே இல்லை. அதன் அறிக்கையை நஷ்டஈட்டு வழக்கில் சாட்சியமாகப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கச் சட்டமே சொல்கிறது. அடுத்த விபத்தைத் தடுப்பது மட்டும்தான் அதன் வேலை. அப்படியானால் "யார் கடைசியாகத் தொட்டது" என்ற வரிசை எதற்கு? "எதை மாற்றினால் அடுத்தவர் பிழைப்பார்" என்ற வரிசை அல்லவா வேண்டும்?

இது வெறும் வார்த்தைச் சண்டை இல்லை என்பதற்கு அலாஸ்காவே சாட்சி. 2010ல் முன்னாள் செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ் உட்பட 5 பேர் இறந்த விபத்து. அதுவும் ஆட்டர் விமானம்தான், அதிலும் இந்தக் கருவியின் எச்சரிக்கை நிறுத்தப்பட்டிருந்தது. அந்த விபத்தின் மூலகாரணம் வேறு, அதை என்டிஎஸ்பியால் உறுதியாகச் சொல்லவே முடியவில்லை. ஆனால் சுவிட்ச் அதே நிலையில் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2016 அக்டோபரில் டோகியாக் அருகே ஹேக்லண்ட் நிறுவனத்தின் செஸ்னா கேரவன் மலையில் மோதி 3 பேர் இறந்தார்கள். இம்முறை ஓட்டியது ஒருவர் இல்லை, இரண்டு விமானிகள். மறுபடி அதே சுவிட்ச். தொல்லை தாங்காமல் அணைத்து வைக்க நிறுவனம் அனுமதித்திருந்தது. எப்போது திரும்பப் போட வேண்டும் என்று ஒழுங்கான வழிகாட்டுதல் இல்லை. பாராட்ட வேண்டிய விஷயம், 2018ல் வந்த அந்த அறிக்கையில் இது துணைக்காரணமாக இடம் பிடித்துவிட்டது. பரிந்துரைப் பட்டியலிலிருந்து ஒரு படி மேலே.

வெவ்வேறு வருடம், வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு நிறுவனம், ஒரே சுவிட்ச். மென்பொருளில் இதே மாதிரி மூன்று தடவை நடந்தால் அதைப் பயனரின் தவறு என்று யாரும் எழுத மாட்டார்கள். வடிவமைப்பின் குறை என்று எழுதி, சரிசெய்ய ஒரு தேதியும் போடுவார்கள்.

2017 அறிக்கை இன்னொன்றும் கேட்டிருந்தது: கெட்சிக்கன் சுற்றுலா விமானங்களுக்கென்று தனியாக, இன்னும் கடுமையான வானிலை வரம்புகள். நான்கு வருடம் கழித்து, 2021 ஆகஸ்ட் 5 அன்று, அதே ஊர், அதே மிஸ்டி ஃபியார்ட்ஸ், வேறொரு நிறுவனத்தின் பீவர் விமானம், வேறொரு சொகுசுக் கப்பலின் 5 பயணிகள், ஒரு விமானி. தாழ்ந்த மேகம், மலைச்சரிவு. 6 பேரும் இறந்தார்கள். அந்த விசாரணையின் முடிவிலும் முதலில் வந்து நின்றது, தெரியாத வானிலைக்குள் தொடர்ந்து பறக்க விமானி எடுத்த முடிவு என்ற அதே வாக்கியம்தான்.

2017 அறிக்கையின் காரணப் பகுதியை, அதே அறிக்கையில் உள்ள ஆதாரங்களை மட்டும் வைத்து, நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

வரம்புக்குக் கீழான வானிலையில் பறப்பதை நிறுவனம் வழக்கமாக்கியிருந்தது. கப்பல் நேரமும் போட்டியும் அந்த வழக்கத்தைத் தாங்கிப் பிடித்தன. சட்டம் அனுமதித்த 500 அடி உயரத்தில் பயன்படாத, 700 அடிக்கென வடிவமைத்த எச்சரிக்கைக் கருவி விமானத்தில் இருந்தது, அதனால் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இந்தப் பகுதியில் இரண்டு மாத அனுபவம்கூட இல்லாத விமானி, இந்த நிலைமையில், மேகத்துக்குள் தொடர்ந்து பறந்தார்.

விமானி இதிலும் இருக்கிறார். கடைசி வரியில் இருக்கிறார். செய்தித்தாளில் போடுவதற்கு இது கொஞ்சம் நீளம்தான்.